ஸ்கீ போட்டுக்கு டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்

மெல்பர்ன் பக்கம் இருப்பவர்கள், குறிப்பாகப் பழைய ஸ்கீ போட் (தண்ணீரில் சறுக்குபவரை இழுத்துப் போகும் விசைப்படகு) ஒன்றை வாங்கிவிட்டு, அதை ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துப் போக டிரெய்லர் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு டிரெய்லருக்கு 4,200 டாலர், அது கெடுத்த படகைச் சரிசெய்ய இன்னொரு 1,850 டாலர் போனது. அது போகட்டும். யே என்ற சிற்றூருக்குச் சற்று முன்னால், மெல்பா நெடுஞ்சாலை ஓரத்தில், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் காரிலிருந்து இறக்கி வேலியோரமாக நிறுத்தி வைத்த அந்த முக்கால் மணி நேரம்தான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

படகு 18 அடி. எஞ்சின் படகின் நடுவில் இருக்கும் இன்போர்டு வகை. பழைய விளம்பரத் தாளில் எடை 1,020 கிலோ என்று போட்டிருந்தது. அதோடு வந்த டிரெய்லர் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்ததால் தனியாக ஒன்று தேடினேன். நகரத்துக்கு வெளியே பழைய டிரெய்லர்களைப் புதுப்பித்து விற்கும் ஒருவருக்குப் படகின் வகை, நீளம், எடை, ஈல்டன் ஏரிக்கு இழுத்துப் போக வேண்டும் என்பது எல்லாவற்றையும் குறுஞ்செய்தியில் எழுதிக் கேட்டேன். "1,400 கிலோ டிரெய்லர் இருக்கிறது, உங்கள் படகைத் தாராளமாகத் தாங்கும்" என்று பதில் வந்தது. 1,020ஐ 1,400 தாங்காதா என்ன, சரி என்று போய்ப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் டிரெய்லரின் தகட்டில் ஏடிஎம் என்று ஓர் எண் இருக்கும். அது டிரெய்லர் சுமக்கக்கூடிய படகின் எடை இல்லை. டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்து மொத்தமாக எவ்வளவு இருக்கலாம் என்ற உச்ச வரம்பு. அதே தகட்டில் டேர் என்று இன்னொரு எண் இருக்கும், அது வெறும் டிரெய்லரின் எடை. என்னுடையதில் ஏடிஎம் 1,400, டேர் 390. கழித்தால் மிஞ்சுவது 1,010 கிலோ. வெறும் படகே அதற்கு மேல். அப்புறம் தொட்டி நிறையப் பெட்ரோல் போட்டால் 80 கிலோ, பேட்டரி, நங்கூரம், கயிறு, ஸ்கீ கட்டைகள், உயிர்காப்புச் சட்டைகள், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு 90 கிலோ. பழைய படகுகளில் தரைக்கு அடியில் இருக்கும் ஒட்டுப்பலகையும் நுரையும் வருடக்கணக்கில் தண்ணீர் குடித்துக் கனத்துப்போயிருக்கும், அதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது. எல்லாம் முடிந்த பிறகுதான் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தேன்: 1,660 கிலோ. வரம்புக்கு மேல் 260. இவ்வளவையும் தாங்கியபடி உருண்டவை 2011ஆம் ஆண்டின் 26ஆம் வாரத்தில் செய்த டயர்கள் (டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு, என்னுடையதில் 2611). பார்க்கப் புதிதாகப் பளபளவென்றுதான் இருந்தன.

பிரேக் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றிய டிரெய்லரின் சக்கரங்கள் மேல் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும், ஓட்டுநர் காரிலிருந்தே அதை இயக்க முடிய வேண்டும், டிரெய்லர் கழன்று போனால் தானாகவே பிடித்துக்கொள்ளும் அமைப்பும் வேண்டும். சிறிய ஸ்கீ போட் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். எனக்கு விற்றதில் பிரேக் இருந்தது என்பது உண்மை, ஆனால் அதன் கம்பி துருவில் இறுகி அசையவே இல்லை.

முதல் முறை நகம்பி ஏரிக்குக் கொண்டுபோனேன். தண்ணீரில் இறக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் வின்ச் (டிரெய்லர் முனையில் இருக்கும், கயிறு சுற்றி இழுக்கும் கருவி) சுற்றிப் படகை மேலே ஏற்றும்போது அடியிலிருந்து "கடக்" என்று ஒரு சத்தம், படகு அப்படியே நின்றுவிட்டது. ஸ்கீ போட்டின் அடிவயிற்றில், நடுக்கோட்டில், நேராக ஓடுவதற்கான ஃபின்கள் (மீன் செதிள் மாதிரி நீட்டி நிற்கும் தகடுகள்) இருக்கும், அதற்குப் பின்னால் சாய்வாக வெளியே வரும் புரொப்பெல்லர் தண்டும் அதைத் தாங்கும் கையும், கடைசியில் சுக்கான். இவற்றுக்கெல்லாம் வழிவிட்டு, டிரெய்லரின் குறுக்குச் சட்டங்கள் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும், படகு உருளைகள் மேல் உட்காராமல் நீளமான மெத்தை போட்ட பலகைகள் மேல் உட்கார வேண்டும். எனக்குக் கொடுத்தது, எஞ்சினைப் பின்னால் தொங்கவிடும் சாதாரண மீன்பிடிப் படகுக்கான டிரெய்லர். நேரான குறுக்குச் சட்டம், நடுவில் உருளைகள். ஃபின் போய் அதில் இடித்து, தண்டைத் தாங்கும் கை வளைந்துபோனது. விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டால், "உருளையைக் கொஞ்சம் நகர்த்துங்கள், சரியாகிவிடும்" என்றார்.

நகர்த்தினேன். அதற்கு இடம் விடப் படகைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது, அதனால் கொக்கியில் இறங்க வேண்டிய எடை குறைந்துவிட்டது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது காரின் கொக்கியில் இறங்க வேண்டும் என்பார்கள். என்னுடையது அதில் பாதிகூட இல்லை. 90 கிலோமீட்டர் வேகத்திலேயே டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கியது, நான் காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஈல்டன் போகும் வழியில்தான் அந்தப் புகை. பின் சீட்டிலிருந்து மகள்தான் பார்த்தாள். "அப்பா, போட் சக்கரத்துல புகை வருது." நிறுத்தி இறங்கிப் பார்த்தால் இடப்பக்கச் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கிறது, ஹப் (சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் கூடு) மூடி நீலம் பாரித்திருக்கிறது, கருகிய கிரீஸ் வீல் முழுவதும் வழிந்திருக்கிறது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் சக்கரமே கழன்று எதிரே வரும் காருக்குப் போயிருக்கும் என்று இழுவை வண்டிக்காரர் சொன்னார்.

மெக்கானிக் மற்ற ஹப்பைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது கிரீஸ் மாதிரியே இல்லை, மோர் மாதிரி வெள்ளையாக, தண்ணீர் கலந்து நீர்த்துப்போயிருந்தது. "புது பேரிங் போட்டிருக்கிறேன்" என்று சொல்லித்தான் விற்றார், தண்ணீர் புகாமல் தடுக்க வேண்டிய சீல்களோ விரலால் தொட்டதும் பிய்ந்து வந்தன. நெடுந்தூரம் ஓடிய ஹப் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மோசமான சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். படகுத் துறைக்குப் போனதும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், சூடு ஆறும்வரை காத்திருங்கள். வழியில் நிற்கும் ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள்.

மெல்பர்னின் புறநகரான டாண்டினாங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், வெல்டிங் வேலை செய்பவர், வந்து பார்த்தார். வந்ததும் முதலில் கேட்டது, "தம்பி, வாங்க முன்னம் இந்தத் தகட்டை வாசிச்சனீரோ?" என்பதுதான். நான் பதில் சொல்லவில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சேஸிஸ் குழாயின் அடியில் இருக்கும் வடிகால் துளைக்குள் விட்டு இரண்டு தட்டுத் தட்டினார், துரு செதில் செதிலாகத் தரையில் ஒரு கைப்பிடி அளவு கொட்டியது. உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த சட்டம் என்று சொல்லி விற்றது, பழைய துருவுக்கு மேல் வெள்ளி நிறத் தெளிப்பு வண்ணம் அடித்தது. முக்கி எடுத்திருந்தால் குழாயின் உள்பக்கமும் துத்தநாகம் இருக்கும், அதனால்தான் உள்ளே பார்க்க வேண்டும் என்றார்.

விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்ற பலகையைக் காட்டினார். அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, பெரிய குறை இருக்கும் பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. நம் தேவை இன்னது என்று முன்பே சொல்லி, வியாபாரியும் அதற்குப் பொருந்தும் என்று சொல்லி விற்றிருந்தால், அது பொருந்தியே ஆக வேண்டும். தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, அங்கே இன்னும் கவனம் வேண்டும். அந்தக் குறுஞ்செய்தி, எடை மேடைச் சீட்டு, மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை, படங்கள் எல்லாவற்றையும் வைத்து விக்டோரியாவின் விகேட் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்தேன். விசாரணைக்கு முன்பே ஆள் இறங்கி வந்து, டிரெய்லரை எடுத்துக்கொண்டு 3,400 டாலர் கொடுத்தார். படகுக்கு ஆன செலவு வரவில்லை, மேலும் இழுக்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது வைத்திருப்பது 2,000 கிலோ ஏடிஎம், இரட்டை அச்சு, ஸ்கீ போட்டுக்கென்றே செய்தது. படகைக் கொண்டுபோய் அதன் மேல் உட்கார வைத்து, அடியில் படுத்து ஃபின்னுக்கும் சட்டத்துக்கும் இடையில் கை விட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். முன்பே 2 டாலர் கட்டி, டிரெய்லர் மேல் யாருக்காவது கடன் பாக்கி இருக்கிறதா என்று பிபிஎஸ்ஆர் பதிவேட்டிலும் பார்த்துக்கொண்டேன்.

இதை இன்று எழுதுவதற்குக் காரணம், போன வாரம் அந்தப் பழைய டிரெய்லரின் விளம்பரம் மறுபடியும் வந்திருக்கிறது. டயர் மாற்றியிருக்கிறார்கள், புதிதாக ஒரு பூச்சு அடித்திருக்கிறார்கள், "ஸ்கீ போட்டுக்கு ஏற்றது, 1.4 டன்" என்றுதான் போட்டிருக்கிறது. நடுக் குறுக்குச் சட்டத்தில் என் ஃபின் இடித்த பள்ளம் படத்திலேயே தெரிகிறது.