திருகோணமலையில் ஜி.ஆர். யாரிஸ்: காரும் அதன் காப்புறுதியும்

டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் இந்தக் காரின் காப்புறுதி, கார் வீட்டுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளும் வேலை அல்ல. அக்குவாவுக்கும் வெகன்ஆருக்கும் ஒரு கோல் போட்டு அரை மணித்தியாலத்தில் முடிக்கிற காரியம் இதற்குச் சரிவராது. கூரை காபன் நார். பொனட்டும் இரண்டு கதவுகளும் டிக்கிக் கதவும் அலுமினியம். நான்கு சில்லுகளுக்கும் இழுவை. விபத்து நடந்த அன்று இவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வியாக முன்னால் நிற்கும். பதில் காப்புறுதிப் பத்திரத்தில் எழுத்தில் இல்லாவிட்டால் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

முதலில் காரைப் பார்ப்போம். 1618 சீசீ, மூன்று சிலிண்டர், டர்போ. 2020இல் வந்த யப்பான் வடிவத்தில் 272 குதிரைவலு, 370 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. 2024 மாற்றத்துக்குப் பிறகு 304, 400. முன்பு ஆறு கியர் மனுவல் மட்டும்தான். 2024இலிருந்து எட்டு கியர் ஓட்டோவும் உண்டு. எடை ஏறக்குறைய 1280 கிலோ. எங்கள் வீதிகளில் ஊருக்கு வெளியே காருக்கு 70தான் எல்லை. ஆகவே இதன் உச்ச வேகத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. கந்தளாய்க்கு அப்பால் மண் லொறி ஒன்றை முந்தவேண்டிய அந்தச் சில விநாடிகளில்தான் இதன் அருமை தெரியும். மூன்றாம் கியரில் மிதித்தால் உடனே இழுக்கிறது, எதிர்ப்பக்கத்தில் நிற்கும் நேரம் பாதியாகிறது. மார்கழி மழையில் தார் நனைந்திருக்கும்போதும் வால் ஆடாமல் போகிறது. சாதாரண நிலையில் இழுவை முன்னுக்கு 60, பின்னுக்கு 40. முதல் வடிவத்தின் ஸ்போர்ட் நிலையில் முன்னுக்கு 30, பின்னுக்கு 70. மழையில் சாதாரண நிலையிலேயே விடுங்கள். இரண்டு கியர்பெட்டிகளில் எங்கள் தெரிவு மனுவல்தான். இந்த எஞ்சினின் சுகம் அதில்தான் முழுதாகக் கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. தரையிலிருந்து அடிப்பாகம் 13 சென்ரிமீற்றர் அளவுதான். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து உள்வீதிகளிலும் உயரமான வேகத்தடைகளிலும் முன் பம்பரின் கீழுதடு உரசும். பின் ஆசனத்தில் பெரியவர்கள் இருந்து கொழும்புக்குப் போவது தண்டனை. ஸ்பெயார் சில்லு இல்லை, பஞ்சர் ஒட்டும் திரவம்தான் தருகிறார்கள். டயர் 225/40, 18 அங்குலம். பக்கச்சுவர் மெல்லியது, குழியில் விழுந்து பக்கச்சுவர் வெடித்தால் அந்தத் திரவம் எதற்கும் உதவாது. இந்த அளவு டயரை ஊர்க் கடைகளில் எப்போதும் வைத்திருக்க மாட்டார்கள், முன்கூட்டியே ஒன்றை வாங்கி வீட்டில் வைப்பது நல்லது.

பெற்றோல் ஒக்டேன் 95க்குக் குறையக் கூடாது. 92 அடித்தால் கார் ஓடும்தான். ஆனால் நொக்கிங்கைத் தவிர்க்க எஞ்சின் கணினி தீப்பொறியைப் பின்தள்ளும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வலு குறையும். சீனக்குடாவில் இத்தனை எண்ணெய்க் குதங்கள் இருக்கிற ஊரில், எல்லா செட்டிலும் 95 கிடைப்பதில்லை என்பது வருத்தமான விடயம். தாங்கி 50 லீற்றர். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று கணக்கு வைத்தால் சுமார் 260 கிலோமீற்றர் தூரத்துக் கொழும்புக்கு ஒருவழிப் பயணம் தாராளமாக முடியும். நகரிலேயே நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள், வழியில் தேட வேண்டியதில்லை.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. இதே உடலோடு, இதே காபன் கூரையோடு ஆர்.எஸ். என்ற வகையையும் யப்பானில் விற்றார்கள். அது 1490 சீசீ, டர்போ இல்லை, முன் சில்லு இழுவை, சீ.வி.டி. கியர், 120 குதிரைவலு. வெளியிலிருந்து பார்த்தால் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சசி இலக்கத்தைப் பாருங்கள். மேலே சொன்ன டர்போ எஞ்சின் உள்ள ஆர்.இசட். ரகம் ஜி.எக்ஸ்.பி.ஏ.16 என்று தொடங்கும், ஆர்.எஸ். என்றால் எம்.எக்ஸ்.பி.ஏ.12. ஆர்.சி. என்பது போட்டிக்காரர்களுக்கான வெறும் கார். முதல் வடிவத்தில் ஏ.சி. கூடத் தெரிவாகத்தான் கொடுத்தார்கள். திருகோணமலை வெயிலுக்கு அது வேண்டாம்.

யப்பான் ஏலத்தில் காரின் நிலையைப் பதிந்த ஏலத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஆர். அல்லது ஆர்.ஏ. என்று தரம் போட்டிருந்தால் கார் பழுதுபார்க்கப்பட்டது. வீதியில் மட்டும் ஓடிய கார்களோடு ஓட்டப்பாதையில் ஓடிய கார்களும் இந்த வகையில் அகப்படும். பிறேக் டிஸ்க்கில் நீல நிறச் சூட்டுத் தடம், டயர் ஓரத்தில் உருண்டு கரைந்த ரப்பர், ஆசனப் பட்டை நங்கூரங்களின் அருகே துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். யப்பான் வானொலி 95 மெகாஹேட்ஸ் வரைதான் பிடிக்கும். எங்கள் பண்பலைகளில் பல அதற்கு மேலே இருப்பதால் தனிக் கருவி பூட்ட வேண்டும். திரையில் எழுத்தும் யப்பானிய மொழியில் இருக்கும். பற்றரி பொனட்டுக்குள் இல்லை, டிக்கியில் இருக்கிறது. இரவில் பற்றரி இறங்கிவிட்டால் தேடித் திரியாமல் இதை நினைவில் வையுங்கள்.

விலையைப் பற்றி ஒன்றே ஒன்று. உற்பத்தி வரி சீசீயைப் பொறுத்துப் படிப்படியாக ஏறுகிறது. 1618 என்பது 1600ஐ வெறும் 18ஆல் தாண்டி அடுத்த படிக்குப் போய்விடுகிறது. அதன்மேல் சொகுசு வரி, 18 வீத வற் எல்லாம் சேரும்போது யப்பானில் கொடுத்த விலை சிறு பங்காகிவிடும். காப்புறுதித் தொகை எவ்வளவு என்ற கேள்விக்கு இதுதான் அடித்தளம்.

ஏனென்றால் கார் முழுதாக அழிந்தால் அதே காரை மீண்டும் வாங்க நீங்கள் அந்த வரியையும் சேர்த்துத்தான் கட்டவேண்டும். பிரீமியத்தைக் குறைப்பதற்காகப் பெறுமதியைக் குறைத்துப் போடும் பழக்கம் எங்களிடம் நிறைய இருக்கிறது. சராசரி விதி என்ற ஒன்று பத்திரத்தில் இருந்தால் அது முழு இழப்பில் மட்டும் அல்ல, சிறு சேதத்திலும் கை வைக்கும். உதாரணத்துக்கு, சந்தைப் பெறுமதி 2 கோடி ரூபா என்று வைப்போம். நீங்கள் 1.5 கோடிக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். சேதம் 40 இலட்சம். நிறுவனம் முக்கால் பங்கைத்தான் ஏற்கும்: 30 இலட்சம், அதிலும் நீங்கள் ஏற்பதாக ஒப்புக்கொண்ட முதற்தொகை கழியும். ஆகவே பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் பெறுமதி வாங்கி முன்மொழிவுப் படிவத்தோடு இணையுங்கள். கூட்டிப் போட்டும் பயனில்லை. சந்தைப் பெறுமதிக்கு மேல் எந்த நிறுவனமும் தராது. இறக்குமதி வரி மாறினால் ஆண்டு நடுவிலேயே தொகையைத் திருத்தச் சொல்லலாம், அதற்குப் பின்னிணைப்பு ஒன்று தருவார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் கார் 2020 செப்டெம்பரில் யப்பானில் வந்தபோது இலங்கையில் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. ஆகவே இங்கே இதன் விபத்துச் செலவுகளைக் கண்ட மதிப்பீட்டாளர்கள் குறைவு. சாதாரண யாரிஸ் விலைப்பட்டியலை வைத்து ஒரு கதவுக்கு விலை போட்டுவிடக்கூடிய ஆபத்து இதில் நிஜமானது. சசி இலக்கம், ரகம், காபன் கூரை, அலுமினியப் பாகங்கள் அனைத்தையும் முன்மொழிவுப் படிவத்தில் எழுதிவிடுங்கள்; படங்களையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

அதே படிவத்தில் மறைக்கக் கூடாதவை: மாற்றிய எக்ஸோஸ்ட், எஞ்சின் கணினியில் செய்த ட்யூனிங், தாழ்த்திய ஸ்பிரிங், வேறு சில்லு. ட்யூனிங்கைச் சொன்னால் பிரீமியம் கூடும், சொல்லாவிட்டால் கோரிக்கையையே நிராகரிக்கக் காரணம் கிடைக்கும். ஓட்டப்போட்டி, வேகச் சோதனை, நேரப் பந்தயம் எல்லாம் வழக்கமான விலக்குகள். கட்டுகுருந்த ஓட்டப்பாதையிலோ நுவரெலியா மலையேற்றத்திலோ ஓட்டுவதாக இருந்தால் அன்றைக்குச் சாதாரணப் பத்திரம் உங்களைக் காக்காது. யார் ஓட்டுவார்கள் என்பதையும் உண்மையாக எழுதுங்கள். இருபது வயதுத் தம்பி ஓட்டுவான் என்றால், இளம் சாரதிக்கு முதற்தொகை கூடுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

திருகோணமலைக்கு என்று சேர்க்கவேண்டியவை வேறு. இயற்கை அனர்த்தம் அடிப்படைப் பத்திரத்துக்குள் இருக்கிறதா, தனியாகச் சேர்க்க வேண்டுமா என்று பாருங்கள்; வெள்ளம், புயல், சுனாமி என்ற மூன்று சொற்களும் அதில் இருக்க வேண்டும். 2004ஐயும் 2025 நவம்பர் டித்வா புயலையும் கண்ட மாவட்டத்தில் இதை விலைகுறைப்புக்காக வெட்டுவது மடமை. வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டன் அமுக்கும்போது கொனெக்டிங் ரொட் வளையும். தண்ணீர் தானாகச் செய்த சேதம் வேறு, நீங்கள் சாவியைத் திருப்பியதால் வந்த சேதம் வேறு என்று நிறுவனம் வாதாடும். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பையும் சேருங்கள். இரவில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை, நகரத்துக்குள் மாடும் மானும்: மிருகத்தில் மோதினால் அது சொந்தச் சேதம். மூன்றாந்தரப்புக் காப்புறுதி ஒரு சதமும் தராது, பொலிஸ் முறைப்பாடும் தேவைப்படும்.

ஓடாமல் நின்ற காரை இழுத்துச் செல்லும் செலவைப் பலரும் கவனிப்பதில்லை. நான்கு சில்லு இழுவை என்பதால் இரண்டு சில்லைத் தூக்கி இரண்டைத் தரையில் உருட்டி இழுக்கக் கூடாது, இழுவைத் தொகுதி கருகிவிடும். முழுக் காரும் மேலே ஏறும் தட்டு லொறிதான் வேண்டும். பத்திரத்தில் இழுவைக்குப் போட்டிருக்கும் சிறு தொகை கொழும்பு வரை தட்டு லொறிக்குக் காணாது; அந்த வரம்பை உயர்த்துங்கள்.

கொழும்பு வரை ஏன் போகவேண்டும்? அலுமினியப் பொனட்டை இரும்புத் தகடு தட்டும் அதே சுத்தியலால் டிங்கர் செய்யக் கூடாது. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்துவிட்டால், உப்புக் காற்றில் அந்த இடத்தில் பெயின்ற் கொப்புளிக்கும். அலுமினியம் இரும்பைவிடச் சூட்டில் விரைவாக இளகும், கூடுதலாக நீளும். தனிக் கருவிகளும் தனி இடமும் உள்ள கராஜ் வேண்டும். காபன் கூரையில் விரிசல் வந்தால் ஒட்டுவதை ஏற்காதீர்கள், மாற்றத்தான் வேண்டும். உதிரிப்பாகங்களில் தேய்மானக் கழிவு எத்தனை வீதம், எந்த ஆண்டிலிருந்து, கராஜை யார் தெரிவு செய்வது என்ற மூன்றையும் கையொப்பமிடுமுன் கேளுங்கள். முன்கண்ணாடிக்குப் பின்னால் கமெரா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கண்ணாடி மாற்றும்போது கமெராவை மறுபடி அளவுபடுத்த வேண்டும். கண்ணாடிக்கான வரம்பு அந்தச் செலவையும் தாங்க வேண்டும்.

விபத்து நடந்த இடத்திலேயே பணம் தரும் சேவை சிறு கார்களுக்கு உண்மையில் வசதியானது. இந்தக் காருக்கு அந்த இடத்தில் காசை வாங்கிக் கையொப்பமிட வேண்டாம். பம்பர் வெளியே கீறல்போலத் தெரியும். உள்ளே ராடார் தாங்கி வளைந்திருக்கலாம், இன்டர்கூலர் துளைபட்டிருக்கலாம். காரை அசைக்குமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள், நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள், கழற்றிப் பார்த்த பிறகே மதிப்பீடு என்று சொல்லுங்கள்.

லீசிங்கில் எடுத்தால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கும், முழு இழப்பு என்றால் காசோலை முதலில் அவர்களுக்குத்தான் போகும். அவர்கள் கொண்டுவரும் காப்புறுதியை அப்படியே ஏற்காமல் மேலே சொன்ன விடயங்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய காரில் சேர்த்த கோரிக்கையில்லாச் சலுகை உங்களுடையது, காருடையது அல்ல. பழைய நிறுவனத்திடம் கடிதம் வாங்கிக் கொண்டுவரலாம். அந்தச் சலுகையை முன்கூட்டியே கழித்துத் தருகிறோம் என்றால், ஆண்டுக்குள் கோரிக்கை வந்தால் கழித்த பணத்தைத் திரும்பக் கேட்பார்களா என்று விசாரியுங்கள்.

துருவுக்கு எந்தப் பத்திரமும் பொறுப்பேற்காது. உப்புவெளி, நிலாவெளிக் கடலோரத்தில் நிறுத்துபவர்கள் வாரம் ஒருமுறை அடிப்பாகத்தைக் குழாய் நீரால் கழுவ வேண்டும். கிணற்று நீர் பல இடங்களில் உவர். அந்த நீரால் கழுவுவது உப்பைக் கூட்டுவதுதான். அலுமினியமும் இரும்பும் சேரும் பிணைச்சல், போல்ட் பகுதிகளில் மெழுகுப் பூச்சு அடியுங்கள். முதல் 1000 கிலோமீற்றர் முழு வேகமும் திடீர் மிதியும் வேண்டாம். 0டபிள்யூ-20 எண்ணெயை 5000 கிலோமீற்றருக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், எது முந்துகிறதோ அது. ரசீதுகளைத் திகதியோடு வைத்திருங்கள். எஞ்சின் சம்பந்தமான கோரிக்கையில் பராமரிப்புப் பதிவைத்தான் முதலில் கேட்பார்கள்.

கோரிக்கையைக் குறைத்தோ மறுத்தோ பதில் வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவு, அடுத்தது காப்புறுதிக் குறைகேள் அதிகாரி. இத்துறையை ஒழுங்குபடுத்துவது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. புதுப்பித்தல் கடிதம் வரும்போது காப்புறுதித் தொகை என்ற வரியை முதலில் பாருங்கள். போன ஆண்டைவிடக் குறைத்து அச்சிட்டிருந்தால், புதிய பெறுமதிச் சான்றிதழோடு போய்த் திருத்திய பிறகே பணத்தைக் கட்டுங்கள்.