பாலிப்புரொப்பிலீனில் மலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டு: உருகலிலா, கரைசலிலா?

பாலிமர் சங்கிலியில் மலியிக் அன்ஹைட்ரைடை வேதிப்பிணைப்பால் இணைப்பதுதான் ஒட்டு. டன் கணக்கில் தயாரிக்க வேண்டும் என்றால், பாலிமரை உருக்கிச் செய்யும் உருகல் முறைதான். கரைப்பானே வேண்டாம். பாலிமர் 100 பங்குக்கு அன்ஹைட்ரைடு 2–3, வினையைத் தொடங்கிவைக்கும் டைகியூமில் பெராக்சைடு 0.1–0.3 பங்கு, உருக்கிக் கலந்து தள்ளும் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் 180–200 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சிக்கல் பெராக்சைடில்தான். கொஞ்சம் கூடினாலும், சங்கிலியின் மூன்றாம்நிலைக் கார்பனில் (மூன்று கார்பன்களோடு பிணைந்தது) பிறந்த ரேடிக்கல், அதாவது இணையில்லா எலக்ட்ரான் உள்ள இடம், அன்ஹைட்ரைடைப் பிடிப்பதற்குள் அருகிலுள்ள பிணைப்பு உடையும் பீட்டா பிளவில் சங்கிலி முறிகிறது. எக்ஸ்ட்ரூடரின் வெளியேறும் துளையான டையிலிருந்து இழை இழுபடாமல் தண்ணீராக ஒழுகினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அன்ஹைட்ரைடுக்குச் சம மோல் ஸ்டைரீன் சேர்த்தால் முறிவு குறையும், ஒட்டும் கூடும்.

கரைசல் முறை ஆய்வகத்துக்கு ஏற்றது: சைலீனில் 5–10 சதவீதக் கரைசல், நைட்ரஜன் சூழல், 120–130 டிகிரி, சில மணி நேரம். கலப்பு சீராக இருக்கும். சைலீனை மீட்பதும் தீ ஆபத்தும்தான் பாரம்.

எந்த முறையானாலும் அளக்கும் முன் சுத்தம் செய்யுங்கள். ஒட்டாமல் தங்கிய அன்ஹைட்ரைடும் அளவீட்டில் சேர்ந்து ஏமாற்றிவிடும். சூடான சைலீனில் கரைத்து, அசிட்டோனில் வீழ்படிவாக்கி, வெற்றிட அடுப்பில் 120 டிகிரியில் உலர்த்த வேண்டும். அகச்சிவப்பு நிறமாலையில் 1780 செ.மீ⁻¹ அருகே வரும் முகடு அன்ஹைட்ரைடு. 1710 அருகே தோள் போன்ற சிறு மேடு எழுந்தால் ஈரத்தில் வளையம் திறந்து அமிலமாகிவிட்டது, மறுபடி உலர்த்துங்கள். அளவை உறுதிசெய்ய, சூடான சைலீனில் ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) செய்யுங்கள். குடுவை ஆறினால் பாலிமர் வெண்மையாகப் படிந்து, அளவு குறைவாகக் காட்டும்.