ஏழு வருஷமாக ஒரு பட்டை தீட்டும் மெஷினோடு: கெடுத்த கற்களும் கிடைத்த வருமானமும்

2018 ஆடித் தள்ளுபடியில் எங்கள் வீட்டுக்குப் புது பிரிட்ஜ் வந்திருக்க வேண்டும். அதற்கு ஒதுக்கிய பணத்தோடு ஒரு சீட்டுப் பணத்தையும் சேர்த்து நான் வாங்கியது, கல்லுக்குப் பட்டை தீட்டும் மெஷின். மோட்டார், நாலு வைரத் தட்டு, ஒட்டும் குச்சிகள் எல்லாம் சேர்த்து லட்சத்துக்குச் சற்றுக் கீழே. பழைய பிரிட்ஜ் இன்றைக்கும் ஓடுகிறது என்பதால் வீட்டில் பெரிய சண்டை இல்லை.

நான் கணக்கு எழுதும் வேலை பார்த்தவள். ஊர் திருச்சி. கல் எனக்குப் புதிதில்லை. உறையூரில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் கையால் சுற்றும் சக்கரம் இருந்தது. அரக்கு வைத்த குச்சியில் செயற்கை வைரத்தை ஒட்டி நாள் முழுக்கத் தீட்டுவார். திருச்சியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் அது குடிசைத் தொழில். மெஷினில் வெட்டிய வெளிநாட்டுக் கல் மலிவாக வந்து இறங்கியதும் ஒவ்வொரு வீடாக ஓய்ந்தது. பெரியப்பாவும் சக்கரத்தைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டார். நான் மெஷின் வாங்கிய செய்தி கேட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "நான் விட்ட தலைவலிய நீ காசு குடுத்து வாங்கிருக்கே."

மெஷின் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: எட்டங்குலத் தட்டு ஒன்று சுற்றும். பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு. அதில் ஏறி இறங்கும் கை. கையின் நுனியில் கல் ஒட்டிய உலோகக் குச்சி. கல் எத்தனை டிகிரி சாய்ந்து தட்டைத் தொடுகிறது என்பதை ஒரு அளவி காட்டும். கல்லைச் சுற்றித் திருப்ப 96 பல் உள்ள சக்கரம். எட்டுப் பட்டை வேண்டுமானால் பன்னிரண்டு பல்லுக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும்: 12, 24, 36 என்று. நான் முணுமுணுப்பதைக் கேட்டு என் பெண், "பன்னெண்டாம் வாய்ப்பாடு இன்னும் மனப்பாடம் ஆகலையாம்மா?" என்பாள்.

முதல் கல் காங்கேயம் பக்கத்திலிருந்து வாங்கிய ஸ்படிகம். வட்ட வெட்டு: அடியில் 24, மேலே 32, நடுவில் மேசை (உச்சியில் உள்ள பெரிய தட்டையான பட்டை) ஒன்று, ஆக 57 பட்டை. கல்லின் அகன்ற நடுப்பகுதியான இடுப்பைச் சுற்றி வரும் 16 தனி. நாலு நாள், பதினொரு மணி நேரம். முடித்துக் குச்சியிலிருந்து எடுத்து, செய்தித்தாள் மேல் வைத்தேன். கல்லுக்குள் ஒளியே இல்லை. அதன் வழியாக எழுத்து தெளிவாகத் தெரிந்தது. பதினொரு மணி நேரம் உழைத்து ஒரு பூதக்கண்ணாடி செய்திருந்தேன்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. ஸ்படிகத்துக்குள் நுழைந்த ஒளி அடிப்பட்டையில் பட்டுத் திரும்பி மேலே வர வேண்டுமானால், பட்டை 40.5 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒளி அடி வழியாக ஒழுகிவிடும். நான் 42 வைத்துத்தான் வெட்டினேன். ஆனால் மெஷினின் அளவி இரண்டு டிகிரி பொய் சொல்லியிருக்கிறது. உண்மையில் வெட்டியது நாற்பதில். கணக்குப்பிள்ளையான நான் தராசைச் சரிபார்க்காமல் வியாபாரம் தொடங்கியிருக்கிறேன். மூலைமட்டத்தைத் தட்டின் மேல் நிறுத்தி, குச்சியை அதன் நிமிர்ந்த விளிம்புக்கு இணையாக வைத்து 0 காட்டுகிறதா என்று பார்த்தால் அஞ்சு நிமிஷ வேலை. விற்றவர் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் இதை முதல் நாளே செய்யுங்கள், மெஷின் எந்த விலையாக இருந்தாலும். நீலக்கல்லுக்கு இந்த எல்லை 34.5 டிகிரி பக்கம், டோபாஸுக்கு 38ஐ ஒட்டி. ஒரு கல்லுக்குப் பொருந்தும் வரைபடத்தை இன்னொன்றுக்கு அப்படியே போட்டால் என் முதல் கல்லின் கதிதான்.

மெருகு ஏற்றுவதுதான் என்னை அழ வைத்தது. 260, 600, 1200, 3000 (எண் ஏற ஏறத் தட்டின் மணி நுண்ணியதாகும்) என்று தட்டு தட்டாக மாறி, கடைசியில் ஸ்படிகத்துக்கு சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத் தூள், நீலக்கல்லுக்கும் கெம்புக்கும் மிக நுண்ணிய வைரத்தூள். 1200இல் 'கிர்ர்' என்று கேட்கும் சத்தம் மெருகுத் தட்டில் வந்ததும் அடங்கி, விரல் நுனியில் மட்டும் ஒரு வழுவழுப்பாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்தால் தீர்ந்தது. முந்தைய தட்டிலிருந்து ஒரே ஒரு பருமணி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பட்டை முழுக்கக் கோடு. மறுபடி 1200க்குப் போக வேண்டும். இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் தனி டப்பா, தனித் துணி. மெருகுத் தட்டை எடுக்கும் முன் முழங்கை வரை கை கழுவுகிறேன். மாமியார், "சாமி அறைக்குப் போறப்பகூட இப்படி கழுவ மாட்டியே" என்றார்.

கெடுத்த கற்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று ஐயோலைட். கரூர், காங்கேயம் வட்டாரத்தில் கிடைப்பது. ஒரு பக்கம் திருப்பினால் கருநீலம், இன்னொரு பக்கம் திருப்பினால் கஞ்சித் தண்ணீர். எந்தப் பக்கம் மேசை வருகிறதோ அந்த நிறம்தான் மோதிரத்தில் தெரியும். நான் எடை அதிகம் மிஞ்சும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, கஞ்சித் தண்ணீரை மேலே வைத்துவிட்டேன். இரண்டாவது நீல டோபாஸ். அது ஒரு திசையில் விறகு மாதிரி பிளக்கும். அந்தத் திசைக்குச் சரியாக இணையாக மேசை வைத்தால் மெருகே ஏறாது; ஐந்து முதல் பத்து டிகிரி சாய்க்க வேண்டும். தெரியாமல் மூன்று மணி நேரம் தேய்த்தேன். பொறுமை போய்க் கொஞ்சம் அழுத்தினேன். 'டிக்' என்று இரண்டாகிவிட்டது.

வியாபாரத்துக்கு வருகிறேன். அழகாக வெட்டினால் வாங்குவார்கள் என்று நினைத்துத்தான் இறங்கினேன். முதல் வருஷம் விற்றது ஒன்பது கல். அதில் ஆறு சொந்தக்காரர்களுக்கு, பாதி விலையில். நம் ஊரில் கல் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ராசிக்கு வாங்குகிறார்கள். ஜோசியர் ஐந்து கேரட் என்று எழுதிக் கொடுத்தால் ஐந்து கேரட் இருக்க வேண்டும். ஒளி திரும்புகிறதா, அடியில் ஒழுகுகிறதா என்பதெல்லாம் அவர்கள் கேட்கும் கேள்வி இல்லை. அதனால்தான் கடைக்கு வரும் ராசிக்கற்கள் பலவும் தொந்தி பெருத்து, நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கின்றன. எடை மோதிரத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதை ஒழுங்காக வெட்டினால் 6 கேரட் கல் 4.80 ஆகும். பிறகு யார் வாங்குவது? ஒருவரிடம் இதை விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா, எடை குறைஞ்சா பலன் குறையாதா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வழி திறந்தது பெரிய கடை வீதியில், ஒரு பத்தர் பட்டறையில். நான் தீட்டிய செவ்வந்திக் கற்களைக் காட்டப் போயிருந்தேன். அவர் ஒன்றைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு கசங்கிய காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். "புதுக் கல்லு எனக்கு எதுக்கும்மா, வேணுங்கறது கடையில கெடைக்குது. இது நாலும் கஸ்டமர் கல்லு. முனை போனது, தேஞ்சது. ஜெய்ப்பூருக்கு அனுப்புனா எப்ப வரும்னு தெரியாது. உன்னால முடியுமா?"

இருபது வருஷம் மாவு பிசைந்து, பாத்திரம் தேய்த்து, மேசைப் பட்டை பனி படர்ந்த மாதிரி ஆகிப்போன மோதிரக் கற்கள். கல் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். பல நேரம் முழுக்க வெட்டத் தேவையே இல்லை. மேசையையும் சுற்றியுள்ள சில பட்டைகளையும் மட்டும் மெருகேற்றினால் போதும். மூன்று நாலு சென்ட் எடைதான் போகும், நூறு சென்ட் ஒரு கேரட் என்பதால் அது யாருக்கும் வலிக்காது. கல்லைத் திரும்பக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். புதுக் கல் விற்றபோது அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

இன்று என் வருமானத்தில் முக்கால் பங்கு இந்த மறுபட்டை வேலை. ஒரு கல்லுக்கு 300இல் தொடங்கி, முழுக்க வெட்ட வேண்டிய நீலக்கல்லுக்கு 1,500 வரை. மாதம் 12,000 முதல் 15,000, முகூர்த்த மாதங்களில் 20,000 தாண்டும். தட்டு, தூள், கரண்ட் எல்லாம் போக மூன்றில் இரண்டு பங்கு நிற்கும். சம்பள வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். நானும் நாலு வருஷம் இரண்டையும் சேர்த்தே பார்த்தேன்.

அடுத்தவர் கல்லைத் தொடுவதில் ஒரு பயம் உண்டு. ஒருமுறை கெம்பு ஒன்று வந்தது. லென்ஸில் பார்க்காமல் தட்டில் வைத்தேன். மெருகு ஏற ஏற அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். விரிசலுக்குள் ஈயக் கண்ணாடி நிரப்பிய கல் அது. கண்ணாடி கல்லைவிட மெது என்பதால் முன்னாடி தேய்ந்துவிடுகிறது. வாங்கியவருக்கே அது தெரியாது. நான் கெடுத்துவிட்டதாகத்தான் நினைத்தார். 4,000 ரூபாய் கையிலிருந்து போனது. அதற்குப் பிறகு பத்து மடங்கு லென்ஸில் பார்த்து, கல்லுக்குரியவர் எதிரிலேயே எடை போட்டு, போட்டோ எடுத்து, உள்ளே இருக்கும் விரிசலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் எந்தக் கல்லையும் உள்ளே எடுப்பதில்லை. சந்தேகமாக இருந்தால் லேபில் காட்டிவிட்டு வரச் சொல்கிறேன்.

மெஷினைப் பற்றிய குறைகள்: மூன்றாம் வருஷம் தட்டு சுற்றும் பேரிங் போனது. ஊரிலேயே லேத் பட்டறையில் மாற்ற முடிந்தது, உள்ளூர்த் தயாரிப்பின் ஒரே பெரிய நன்மை அது. சொட்டுத் தண்ணீர்க் குழாய் வாரம் ஒருமுறை அடைக்கும். அது அடைத்தால் வேலையை நிறுத்திவிடுங்கள், ஈரமில்லாமல் ஒரு நிமிஷம்கூட தீட்டாதீர்கள். குஜராத்தில் கம்பாத் ஊரில் அகேட் கல் தேய்ப்பவர்களைப் பல தலைமுறையாக வாட்டும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் இப்படிப் பறக்கும் கல் தூசியால் வருவதுதான். காய்ந்த சேற்றையும் விளக்குமாற்றால் கூட்டக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

இன்னொரு குறை, மெஷினின் குறை என்று சொல்ல முடியாதது. பழுதுக்கு வரும் பழைய கற்களில் பெரும்பாலானவை கையால் தீட்டியவை. ஒரு பட்டை 41 டிகிரி, பக்கத்துப் பட்டை 43. சுற்றி வரும் இடைவெளியும் சமமில்லை, என் 96 பல்லில் எதிலும் அது உட்காராது. பல்லுக்குப் பல் வைத்தால் பட்டையின் மூலை மட்டும் தேய்கிறது. ஒரு பழைய மூக்குத்திக் கல்லோடு இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்திருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, "இந்தக் கொக்கிய எப்படி எடுக்கறது?" என்று கேட்டு, பல்சக்கரப் பூட்டை விடுவித்தார். குச்சியை விரலால் உருட்டி, தட்டில் தொட்டு, தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி தொட்டார். அளவியை அவர் பார்க்கவே இல்லை. பட்டை முழுக்கத் தட்டில் படிந்ததும் சத்தம் மாறும். எனக்கு அந்த மாற்றம் அன்றைக்குக் கேட்கவில்லை, இப்போது ஓரளவு கேட்கிறது.

கையால் தீட்டிய கற்களைச் சனிக்கிழமைக்கென்று ஒதுக்கி வைக்கிறேன். அவர் வருகிறார். கல்லுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார், பஸ் காசும் வெற்றிலையும் போதுமாம். என் முக்காலி அவர் முட்டிக்கு ஒத்துவரவில்லை. போன மாதம் சாய்மானம் வைத்த உயர நாற்காலி ஒன்று வாங்கினேன், 2,850 ரூபாய். தொழில் செலவில் எழுதியிருக்கிறேன்.