துப்பறியும் பேராசிரியை எழுதிய புத்தகம்: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தலைப்பைப் பார்த்து ஏமாந்துதான் வாங்கினேன். 'கேரியர் அண்ட் ஃபேமிலி' என்று இருந்தால் என்ன நினைப்போம்? விடிவதற்கு முன்னால் எழுந்திரு, பட்டியல் போட்டு வேலை செய் என்று புத்தி சொல்கிற ரகம் என்றுதான் நினைத்தேன். பிரித்தால் நூறு வருட அமெரிக்கப் பொருளாதார வரலாறு! எழுதியவர் கிளாடியா கோல்டின், ஹார்வர்டு பேராசிரியை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2021இல் வெளியிட்டது, இரண்டே வருடத்தில், 2023இல், அவருக்குப் பொருளாதார நோபல் வந்துவிட்டது. அந்தப் பரிசை யாரோடும் பங்கு போடாமல் தனியாக வாங்கிய முதல் பெண் அவர்தான். ஏமாந்தது நல்லதாகப் போயிற்று. ஆனாலும் மூன்றாவது அத்தியாயத்தோடு மூடிவைத்துவிட்டு ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை என்பதும் உண்மை.

மறுபடி எடுக்க வைத்தது புத்தகம் அல்ல, அவருடைய வாழ்க்கை. 1946இல் நியூயார்க்கில் பிறந்தவர், சின்ன வயதில் தொல்லியல் ஆசை, அப்புறம் நுண்ணுயிரியல் படிக்கலாம் என்று கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார், அங்கே ஆல்ஃபிரட் கான் என்ற பேராசிரியரின் வகுப்பில் உட்கார்ந்ததும் மனம் பொருளாதாரத்துக்குத் தாவிவிடுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாற்று அறிஞர் ராபர்ட் ஃபோகலிடம் ஆய்வு. தலைப்பு, தென் மாநில நகரங்களில் அடிமை முறை. 1972இல் முனைவர் பட்டம். விஸ்கான்சின், பிரின்ஸ்டன், பென்சில்வேனியா என்று சுற்றிவிட்டு 1990இல் ஹார்வர்டு. அங்கே பொருளாதாரத் துறையில் நிரந்தரப் பேராசிரியர் ஆன முதல் பெண்ணே அவர்தான். 1990 வரைக்கும் ஒருவர்கூட இல்லை என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

தன்னைத் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொள்வது அவர் வழக்கம். (வீட்டு நாய் பிக்காவும் மோப்பப் போட்டிகளில் கலந்துகொண்ட ஆள்தான், பல்கலைக்கழக இணையதளத்தில் அதற்கென்று தனிப் பக்கமே வைத்திருக்கிறார்.) சும்மா பெருமைக்குச் சொல்வது இல்லை இது. பழைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கல்யாணமான பெண்ணுக்குத் தொழில் என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அவள் வயலில் உழைத்திருப்பாள், கணவனின் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், வீட்டிலிருந்தே கூலிக்குத் தைத்திருப்பாள், ஒன்றும் கணக்கில் வராது. கோல்டின் வேறு வேறு ஆவணங்களைத் தோண்டி எடுத்துத் திருத்திப் பார்த்தால், 1890களின் கடைசியில் வேலை செய்த மணமான பெண்களின் விகிதம் அரசுக் கணக்கைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு! நாடு வளர வளரப் பெண்கள் வேலைக்கு வருவதும் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணம் அத்தோடு உடைந்தது. தொழிற்சாலைகள் வந்தபோது முதலில் இறங்கி, பிறகு அலுவலக வேலைகளும் சேவைத் துறையும் பெருகியபோதுதான் ஏறியிருக்கிறது. இந்தக் கதை அவருடைய பழைய ஆய்வுகளில் வருவது, இதைத் தெரிந்துகொண்டு இந்தப் புத்தகத்துக்குள் போனால் ருசியே வேறு.

சரி, புத்தகத்துக்கு வருவோம். 1900 தொடங்கிக் கல்லூரி முடித்த அமெரிக்கப் பெண்களை ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறார். முதல் குழுவுக்கு வேலை அல்லது குடும்பம், இரண்டில் ஒன்றுதான். அவர்களில் பாதிப் பேருக்குக் குழந்தையே இல்லை. இரண்டாவது குழு கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டுக் குடும்பம் என்று போனது, கல்யாணம் ஆனால் ஆசிரியையை வீட்டுக்கு அனுப்பிவிடும் விதிகள் 1930களில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. மூன்றாவது குழு அதைத் திருப்பிப்போட்டது: முதலில் குடும்பம், பிள்ளைகள் வளர்ந்த பிறகு வேலை. நான்காவது, கருத்தடை மாத்திரை கையில் கிடைத்த தலைமுறை, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு வேலையில் காலூன்றியது. 1967இல் பட்டம் வாங்கிய கோல்டினும் இதில்தான் வருகிறார், ஆனால் தன் கதையை மட்டும் அடக்கி வாசிக்கிறார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஐந்தாவது குழுவுக்கு இரண்டும் வேண்டும்.

காசு கொடுத்ததற்குப் பலன் பின்பகுதியில் இருக்கிறது. இவ்வளவு நடந்தும் சம்பள இடைவெளி ஏன் மூடவில்லை? பாரபட்சம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், அவர் முடிப்பதில்லை. இத்தனைக்கும் பாரபட்சம் தெரியாதவர் இல்லை. இசைக்குழுத் தேர்வில் திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்தால் பெண்களின் வாய்ப்பு கூடுகிறது என்று 2000இல் சிசிலியா ரௌஸோடு சேர்ந்து எழுதியவரே இவர்தான். இங்கே அவர் கைகாட்டுவது 'பேராசை பிடித்த' வேலைகளை. இரவு பத்து மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டால் வருகிறவருக்கு இரண்டு மடங்கு நேரத்துக்கு இரண்டு மடங்கைவிட அதிகச் சம்பளம். வீட்டில் குழந்தை இருந்தால் ஒருவராவது கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற தூரத்தில் இருக்க வேண்டுமே, அது பெரும்பாலும் மனைவியாக அமைகிறது. அவள் சம்பளத்தை இழக்கிறாள், அவன் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தை இழக்கிறான்.

மருந்தாளுநர் உதாரணம்தான் எனக்கு உச்சம். ஒரு காலத்தில் சொந்தக் கடை, எந்நேரமும் முதலாளி அங்கேயே கிடக்க வேண்டும். பிறகு பெரிய சங்கிலிக் கடைகளும் கணினிப் பதிவுகளும் வந்தன, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம், வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது. நீண்ட நேரம் வேலை செய்கிறவருக்கு மணிக்கணக்குச் சம்பளத்தில் தனிச் சலுகை மறைந்தது, ஆண் பெண் இடைவெளியும் நன்றாகச் சுருங்கியது. வக்கீல் தொழிலில் அப்படி நடக்கவில்லை, கட்சிக்காரருக்கு அந்த வக்கீலேதான் வேண்டும்.

குறைகளும் உண்டு. பட்டதாரிகளைத் தாண்டிப் பார்வை போவதில்லை, காரணம் சொல்கிறார் என்றாலும் கடையில் நின்று வேலை செய்கிற பெண் இந்தப் பக்கங்களில் தன்னைத் தேடிக் களைத்துப்போவாள். தீர்வு என்று வரும்போது நடை தளர்கிறது. குழந்தைப் பராமரிப்புக்கு அரசு உதவ வேண்டும், நெகிழ்வான வேலைக்குக் கொடுக்கிற விலை குறைய வேண்டும் என்கிறார், சரிதான், ஆனால் எந்த முதலாளி தானாக முன்வந்து குறைப்பார்? வேலையின் அமைப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர், அந்த அமைப்பால் லாபம் பார்க்கிறவரைச் சாட்சியாகக்கூடக் கூப்பிடவில்லை என்று எனக்குத் தோன்றியது.

நடை எளிது, சூத்திரங்கள் குறுக்கே வராது, கணக்கெல்லாம் பின்னிணைப்பில். ஐந்து குழுக்களின் கதை நடுவில் இழுக்கத்தான் செய்யும், அங்கே அலுத்தால் வக்கீல், மருந்தாளுநர் அத்தியாயத்துக்குத் தாவிவிட்டுப் பிறகு திரும்பி வாருங்கள், நான் அப்படித்தான் முடித்தேன். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். மின்னூல் வாங்கினால் போனில் மட்டும் படிக்காதீர்கள், வரைபடங்களில் எந்தக் கோடு எந்தக் குழு என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே பாதி நேரம் போய்விட்டது எனக்கு.