'ஆய்வு' என்று எழுதியதால் போன மூன்று நாள்

ஊரில் இருந்தது 16 நாள். அதில் மூன்று முழு நாள் ஒரே ஒரு வார்த்தைக்காகப் போனது. காட்டுக்குள் ஒரு பறவையின் குரலைப் பதிவு செய்ய அனுமதி கேட்ட மனுவில் அந்த வார்த்தையை எழுதியது நான்தான். ஆனால் அதுதான் தடங்கல் என்று வனத்துறை அலுவலகத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொன்னது எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண்.

அம்மா வால்பாறைப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். இப்போது 76 வயது. முழங்கால் வலியில் கோயம்புத்தூர் வீட்டு மாடிப்படி ஏறுவதே பெரும்பாடு. போனில் பேசும்போதெல்லாம் 'மழைக்காலத்துல விடியறதுக்கு முந்தி ஒரு குருவி விசிலடிக்குமே' என்பார். சீகாரப் பூங்குருவியைத்தான் சொல்கிறார். கருநீல உடம்பு, தோளில் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. ஓடைக்கரையில் உட்கார்ந்து, ஒரு பையன் பாட்டு மறந்துபோய் மெட்டை மட்டும் சீட்டியடித்துக்கொண்டு போவதுபோலப் பாடும். அதைப் பதிவு செய்து அம்மாவுக்குக் கொண்டுவந்து தர வேண்டும் என்று கலிபோர்னியாவிலிருந்தே மைக்கும், சத்தத்தைக் குவிக்கும் பிளாஸ்டிக் கிண்ணமும் பெட்டியில் வைத்து எடுத்து வந்தேன்.

தமிழ்நாட்டில் ஐந்து தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. நான் போனது மலைமேல் இருக்கும் ஒன்று. எது என்று எழுதப் போவதில்லை. ஒரு அலுவலகத்தைக் காட்டிக்கொடுப்பது என் நோக்கமில்லை. வெறுமனே நடந்துவிட்டு வர இப்போது கஷ்டமே இல்லை. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் முன்பதிவுக்குக் கொண்டுவந்துவிட்டது. கல்லூரி நாளில் ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்ஸ்லிப் போக மாமா ஒருவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பொள்ளாச்சியில் காத்துக் கிடந்த எங்களுக்கு இது கனவு மாதிரி. ஆனால் அதெல்லாம் பகல் நடை. இந்தக் குருவியோ இருட்டு விலகுவதற்குள் பாடத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் உள்ளே இருக்க வேண்டுமென்றால் தனி அனுமதி வேண்டும்.

முதல் நாள்: 'சார் கேம்ப் போயிருக்காருங்க. தபால்ல குடுத்துட்டுப் போங்க.' கொடுத்தேன். கிண்ணத்தையும் மைக்கையும் காட்டச் சொன்னார்கள். அது மேசை மேசையாகப் போனது. ஒருவர் காதில் வைத்துப் பார்த்தார், இன்னொருவர் டிரோனா என்று கேட்டார். இரண்டாம் நாள்: 'நீங்க வெளிநாட்டுக்காரர், இது எங்க லெவல்ல முடியாது.' வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையை நீட்டினேன். பூங்கா நுழைவுக் கட்டணத்தில் எங்களையும் இந்தியர்களைப் போலவே நடத்த வேண்டும் என்று 2021இல் வந்த மத்திய அரசு அறிவிக்கை சொல்கிறது. அதைக் காட்டினேன். அவர் அதே அறிவிக்கையில் வேறொரு வரியைக் காட்டினார்: ஓ.சி.ஐ.காரர்கள் ஆராய்ச்சி செய்வதென்றால் தனியே சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். அவர் சொன்னது சரிதான். ஆனால் அது எனக்கு ஏன் பொருந்துகிறது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் புரியவில்லை. 'நாளைக்கு வாங்க' என்பதோடு முடிந்தது.

மூன்றாம் நாள் மதியம் பாஸ்போர்ட் நகல் எடுக்க எதிர்க்கடைக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். நகல் எடுத்துக்கொண்டே என் மனுவைப் படித்தார்.

'அண்ணா, நீங்க காலேஜுல வேலை பாக்கறீங்களா?'

'இல்லைங்க.'

'அப்புறம் எதுக்குங்க பொருள்ல பறவை ஒலி ஆய்வுன்னு போட்டிருக்கீங்க? ஆய்வுன்னா அது சென்னைக்குப் போகோணும். மாசக் கணக்காகும்.'

மனு கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று எழுதிய வார்த்தை அது. நான் எந்த ஆய்வும் செய்யவில்லை, அம்மாவுக்காக ஒரு குருவியின் குரலைப் பிடிக்க வந்தவன். அதையே எழுதச் சொன்னார். பிறகு அவரே கணினியில் உட்கார்ந்து அடித்தார்: அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். கடைசியில் 'நகல்: வனச்சரக அலுவலர்' என்று ஒரு வரி. 'இது இல்லாட்டி பேப்பரு மேலயே சுத்தும்ங்க. ரேஞ்சருகிட்டத்தான ரிப்போர்ட் கேப்பாங்க.' எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 ரூபாய் வாங்கினார்.

அன்று ராத்திரி சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 28ஆம் பிரிவு. சரணாலயத்துக்கு எழுதியது, தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். எதற்கெல்லாம் உள்ளே போக அனுமதி தரலாம் என்று அதில் வரிசை இருக்கிறது: வன உயிரினங்களைப் பற்றிய ஆய்வு, படம் எடுப்பது, அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு முறையான வேலை. எந்த வரியில் நம் மனு போய் உட்காருகிறதோ, அதை வைத்துத்தான் எத்தனை கையெழுத்து என்பது முடிவாகிறது. இதை ஒரு அட்டையில் எழுதி ஜன்னல் பக்கத்தில் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் கருகிப்போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஹாஃப் டோம் பாறை ஏற ஒரு நாளைக்கு 300 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் குலுக்கலில். மார்ச் மாதம் விண்ணப்பிக்க வேண்டும், 10 டாலர் திரும்பி வராது. மூன்று வருஷமாக எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 'இல்லை' என்பது ஏப்ரலில் மெயிலில் வந்துவிடும், வேறு வேலையைப் பார்க்கலாம். இங்கே அந்த 'இல்லை'யை வாங்க மூன்று நாள் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. விடுப்பை எண்ணி எண்ணி எடுத்து வருகிறவர்களுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

நான்காம் நாள் ரேஞ்சரே கூப்பிட்டார். புது மனுவைப் படித்து இரண்டு நிமிஷத்தில் முடிவு சொன்னார். விடிவதற்கு முன் உள்ளே விட முடியாது, அந்தப் பாதையில் யானை நடமாட்டம். மனுவிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டார். எனக்கு மனம் லேசாகிவிட்டது. எழுந்திருக்கும்போது கேட்டார்: 'அந்தக் குருவிக்குக் காடு எதுக்குங்க? செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ரோட்டுப் பாலம் இருக்குதுல்ல, அதுக்கடியில கூடு வச்சிருக்குது. வாட்சர்கிட்டச் சொல்லி வைக்கறேன், அவர்கூட நில்லுங்க.'

மறுநாள் ஐந்தரை மணி. தூறல். வாட்சர் டார்ச்சை அணைத்துவிட்டு, உதட்டில் விரல் வைத்தார். கிண்ணத்தைப் பாலத்துப் பக்கம் திருப்பினேன். ஓடைச் சத்தத்துக்கு மேலே முதலில் ஒற்றைச் சீட்டி. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் நிற்கவேயில்லை. மொத்தம் 11 நிமிஷம்.

அம்மா ஹெட்போன் வேண்டாம் என்றார். ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். நான்காவது நிமிஷத்தில் செக்போஸ்ட் சங்கிலி கழற்றும் சத்தம் கணகணவென்று வரும். அதை வெட்டி எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

'இருக்கட்டும் கண்ணு' என்றார். 'எஸ்டேட்ல காலைல பேர் கூப்புடற மஸ்டருக்கு மணி அடிக்கற மாதிரியே இருக்குது.'