மேல் முதுகு இறுக்கத்துக்கு எது நல்லது: பாம்பா, புத்தகமா, துண்டா?

நாள் முழுக்கக் கணினி முன்னால் குனிந்தே இருப்பவர்களுக்கு மேல் முதுகு பலகைபோல ஆகிவிடும். உடனே ஞாபகம் வருவது புஜங்காசனம். பள்ளிக்கூடத்திலேயே பழகியது, குப்புறப் படுத்து, பாம்பு படமெடுப்பதுபோல நெஞ்சைத் தூக்கினால் போதும். ஆனாலும் நான் அதை முதலில் சொல்ல மாட்டேன்.

காரணம் எலும்பின் அமைப்பு. கழுத்துக்குக் கீழே உள்ள 12 முள்ளெலும்புகளோடும் விலா எலும்புகள் வந்து சேர்கின்றன. அதனால் அந்த இடம் பின்னால் வளைவது குறைவு. அதற்கும் கீழே, இடுப்புக்கு மேலே உள்ள 5 எலும்புகள் சுலபமாக வளையும். மேல் முதுகு இறுகியவர் கையை முழுசாக நீட்டி எழும்பினால், வளைவெல்லாம் அந்த ஐந்துக்கே போகிறது. முழங்கையை ஊன்றித் தாழ்வாகச் செய்தால் பரவாயில்லை.

திரும்புவதில் கதை தலைகீழ். கீழ் முதுகு கொஞ்சம்தான் திரும்பும், மேல் முதுகு நன்றாகவே திரும்பும். அதனால் என் ஓட்டு, புத்தகம் திறப்பதுபோன்ற பயிற்சிக்கு. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை இடுப்பு உயரத்துக்கு மடக்கி, நடுவில் தலையணை வையுங்கள். கைகளை முன்னால் நீட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூச்சை விட்டபடி மேல் கையை அட்டை திறப்பதுபோலப் பின்னால் கொண்டுபோங்கள். பார்வையும் கையோடு போகட்டும். முழங்கால் தலையணையை விட்டு எழும்பினால் இடுப்புதான் உருள்கிறது என்று அர்த்தம். கை தரையைத் தொடாவிட்டாலும் அழுத்த வேண்டாம், தோள்தான் இழுபடும். பக்கத்துக்கு 8 முறை போதும்.

மண்டியிட்டு ஒரு கையை மறு கைக்கு அடியில் நூல் கோப்பதுபோல நுழைப்பதும் இதே திருப்பம்தான். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். பூனைபோல முதுகைக் குவித்து இறக்குவது உடம்பைச் சூடேற்ற நல்லது, அவ்வளவுதான்.

சரி, பின்னால் வளையவும் வேண்டுமே? அதற்குத் தேங்காய்ப்பூத் துண்டு. இறுக்கிச் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனைக்கு நேராகக் குறுக்கே வைத்து மல்லாந்து படுங்கள். தலையைக் கைகள் தாங்க, பிட்டம் தரையிலேயே இருக்கட்டும். துண்டு இருக்கும் இடத்திலேயே வளைவு விழுவதால் புஜங்காசனத்தைவிட இது மேல். எலும்பு மெலிவு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

எது உங்களுக்குச் சரிவருகிறது என்று பார்க்க, செய்வதற்கு முன்னும் பின்னும் நாற்காலியில் கைகளை நெஞ்சில் கட்டி உட்கார்ந்து, இடுப்பு நகராமல் எவ்வளவு திரும்ப முடிகிறது என்று பாருங்கள்.