பார்வையில்லாதவங்க எந்த லேப்டாப் வாங்கலாம்? செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் டி480யும் என்விடிஏவும், என் ரிவ்யூ

முடிவை முதல்லயே சொல்லிடறேன். உங்களுக்கு முழுசா பார்வை இல்ல, படிப்புக்கோ ஆபீஸ் வேலைக்கோ ஒரு கம்ப்யூட்டர் வேணும், கைல பெருசா காசும் இல்லன்னா, நல்ல கண்டிஷன்ல ஒரு பழைய லெனோவோ திங்க்பேட் டி480 பாத்து வாங்குங்க, விண்டோஸ் 11 போட்டு அதுல என்விடிஏ (ஸ்கிரீன்ல இருக்கறதை குரல்ல படிச்சு சொல்ற ஸ்கிரீன் ரீடர் சாஃப்ட்வேர்) போடுங்க, கூடவே ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி பைல போட்டுக்கோங்க. என் வேலை முழுக்க இந்த செட்டப்லதான் ஓடுது, எக்ஸெல், மெயில், பேங்க் வேலை எல்லாமே. ஏன் இதுன்னு கேட்டா கொஞ்சம் நீளமா சொல்லணும்.

யூடியூப்ல லேப்டாப் ரிவ்யூ போடுறவங்க டிஸ்ப்ளே எப்படி, கிராபிக்ஸ் கார்டு என்ன, எவ்ளோ மெலிசா இருக்குன்னுதான் பேசுவாங்க. நமக்கு அதுல ஒண்ணும் ஆகப்போறதில்ல. நம்ம பாக்க வேண்டியது ரெண்டுதான், கீபோர்டு, சவுண்டு. மிஷின் பேசாம போச்சுன்னா அது எவ்ளோ வேகமா ஓடினாலும் நமக்கு அது ஆஃப் ஆன மாதிரிதான், அதனால எப்பவும் பேசுமா, பேச்சு நின்னா திருப்பி பேச வைக்க வழி இருக்கான்னு பாத்துதான் நான் ஒரு கம்ப்யூட்டருக்கு மார்க் போடுவேன்.

கீபோர்டுல இருந்து வரேன். என்விடிஏல பாதி கமாண்டு இன்சர்ட் கீயை பிடிச்சுட்டுதான் அடிக்கணும் (கேப்ஸ் லாக்கையும் அதுக்கு வச்சுக்கலாம், ஆனா இன்சர்ட்டுல பழகின கை அதைத்தான் தேடும்). இப்ப வர்ற மெலிசு லேப்டாப்ல நிறைய மாடல்ல இன்சர்ட் தனியா கிடையாது, ஹோம் எண்ட் எல்லாம் ஆரோ கீ மேலயே ஒட்ட வச்சு எஃப்என் கூட அமுக்க சொல்றாங்க, பவர் பட்டனை கொண்டுபோய் டெலிட்டுக்கு பக்கத்துல அதே சைஸ்ல வச்சிருக்காங்க. ஃபைலை டெலிட் பண்ண போய் மிஷின் தூங்கிடும். 2024ல இருந்து புது லேப்டாப்ல கோபைலட் கீ வேற வருது, அது வர்ற இடத்துல மெனு கீயோ வலது கன்ட்ரோலோ காணாம போகுது. மெனு கீ இல்லன்னா ஷிஃப்ட் எஃப்10 இருக்கு, சமாளிக்கலாம், ஆனா வலது கன்ட்ரோல் போனா கஷ்டம்.

டி480ல மேல் வரிசைல எஃப் கீ எல்லாம் நாலு நாலா பிரிச்சு நடுவுல இடைவெளி விட்டிருக்கு, தடவினாலே எஃப்5 எது எஃப்9 எதுன்னு தெரியும். அதுக்கு அப்புறம் ஹோம், எண்ட், இன்சர்ட், டெலிட் ஒவ்வொண்ணும் தனித்தனி கீ. பேஜ் அப் பேஜ் டவுன் ஆரோவுக்கு ரெண்டு பக்கமும். பவர் பட்டன் கீபோர்டுக்கு மேல தனியா வட்டமா இருக்கு, தெரியாம கை படாது. ஜி, எச், பி நடுவுல இருக்க அந்த சின்ன ரப்பர் குமிழ் மவுஸுக்காக வச்சது, ஆனா எனக்கு அதுதான் கீபோர்டோட நடு எங்க இருக்குன்னு காட்டுற அடையாளம். ஒரே ஒரு விஷயம் பழகணும், இடது மூலைல கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்துல எஃப்என் இருக்கும், ரெண்டையும் மாத்திக்க செட்டிங் இருக்கு. நம்பர் பேட் இல்ல, அதனால என்விடிஏல லேப்டாப் லேஅவுட் எடுத்துக்கோங்க, இல்லன்னா தனியா யுஎஸ்பி நம்பர் பேட் ஒண்ணு மாட்டிக்கோங்க.

பேட்டரி ரெண்டு, ஒண்ணு உள்ள, ஒண்ணு பின்னாடி கழட்டி மாட்டுறது. மிஷின் ஓடும்போதே பின்னாடி இருக்கறதை கழட்டி வேற மாட்டலாம். இன்சர்ட் ஷிஃப்ட் பி அடிச்சா எத்தனை பர்சென்ட்னு என்விடிஏ சொல்லிடும்.

கடைக்கு போறப்ப வெறுங்கையோட போகாதீங்க. என்விடிஏவை பென் டிரைவ்ல போர்ட்டபிள் காப்பியா போட்டுக்கலாம், இன்ஸ்டால் பண்ணாமயே ஓடும். நான் வாங்க போன கடைல அந்த தம்பி "சார் ஸ்கிரீன்ல ஒரு கோடு கூட இல்ல பாருங்க"ன்னு எங்கூட வந்தவர்கிட்ட காட்டிட்டு இருந்தாப்ல, நான் "தம்பி, அதை அவர் பாத்துக்குவார், மிஷினை என் மடில வை"ன்னு வாங்கி கன்ட்ரோல் விண்டோஸ் என்டர் அடிச்சேன், விண்டோஸ் கூடவே வர்ற நரேட்டர் பேசுச்சு, அந்த பேச்சை வச்சே பென் டிரைவுக்கு போய் என்விடிஏவை ஓட விட்டேன். ஒரு கீ விடாம எல்லாத்தையும் அமுக்கி பாத்தேன். அந்த தம்பி பக்கத்துல உக்காந்து "இப்படி கூட கம்ப்யூட்டர் யூஸ் பண்ணலாமா சார்"னு கேட்டுக்கிட்டே இருந்தாப்ல, பொறுமையா எல்லா போர்ட்டும் செக் பண்ண விட்டாப்ல, அந்த பொறுமைக்காகவே அந்த கடைக்கு நல்ல மார்க் போடுவேன்.

அங்க கட்டாயம் பண்ண வேண்டிய செக் ஒண்ணு இருக்கு. டி470யும் டி480யும் தடவி பாத்தா கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். டி470ல இருக்க ப்ராசஸர் பழசு, விண்டோஸ் 11 சப்போர்ட் பண்ற லிஸ்ட்ல கிடையாது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. அதனால செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபவுட் போய் ப்ராசஸர் பேரை எழுத்து எழுத்தா கேளுங்க, ஐ5க்கு அப்புறம் வர்ற நம்பர் 8ல ஆரம்பிக்கணும், 8250, 8350 இந்த மாதிரி. 7னு கேட்டா வேணாம்னு சொல்லிடுங்க, விலை எவ்ளோ குறைச்சாலும் சரி. ராம் 8 ஜிபி போதும், 16 இருந்தா நல்லது, பின்னாடி நம்மளே போட்டுக்கலாம் ரெண்டு ஸ்லாட் இருக்கு. எஸ்எஸ்டி இல்லாம எடுக்கவே எடுக்காதீங்க.

இப்ப சவுண்டு. லேப்டாப்ல பேட்டரி மிச்சம் பிடிக்க சவுண்ட் சிப் சும்மா இருந்தா தூங்கிடும், திருப்பி எந்திரிக்கிறதுக்குள்ள முதல் எழுத்து போயிடும். கண்ணு தெரிஞ்சவங்களுக்கு பாட்டுல கால் செகண்ட் போனா தெரியாது. நமக்கு ஆரோ வச்சு ஒவ்வொரு எழுத்தா போகும்போது அந்த எழுத்தே கேக்காது, கணக்கு நம்பரை சரி பாக்கறப்ப ஒரு இலக்கம் முழுங்கிடும். புது என்விடிஏல ஆடியோ செட்டிங்ஸ் உள்ள ஆடியோ டிவைஸை கொஞ்ச நேரம் முழிச்சிருக்க வைக்க ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை பாத்துக்கோங்க. ப்ளூடூத் ஹெட்செட்டுக்கு இன்னும் தாமதம் அதிகம், வேலைக்கு வயர்தான் சரி.

யுஎஸ்பி சவுண்ட் கார்டு எதுக்குன்னா, அப்டேட் வந்தோ விண்டோஸை புதுசா போட்டோ லேப்டாப்போட சவுண்ட் டிரைவர் போச்சுன்னா மிஷின் ஊமையாயிடும், டிரைவரை தேடி போடணும்னா பேச்சு வேணும், பேச்சு வேணும்னா டிரைவர் வேணும். யுஎஸ்பி சவுண்ட் கார்டுக்கு விண்டோஸ்லயே டிரைவர் இருக்கு, சொருகினா பேசும். சில நூறு ரூபாய் சாமான், இதை விட நமக்கு உபயோகமான ஒரு ஆக்சசரி கிடையாது.

மேக் நல்லா இல்லையான்னு கேப்பீங்க. வாய்ஸ் ஓவர்ங்கற ஸ்கிரீன் ரீடர் 2005ல இருந்தே மேக்ல கூடவே வருது, ரெகவரி ஸ்கிரீன்ல கூட பேசும், அந்த ஒரு விஷயத்துல விண்டோஸ் இன்னும் பின்னாடிதான். தமிழுக்கு வாணின்னு ஒரு குரலும் இருக்கு. காசு இருந்தா தாராளமா வாங்குங்க. ஆனா இங்க ஆபீஸ்ல, கோச்சிங் சென்டர்ல, கம்ப்யூட்டர் வச்சு எழுதுற பரிட்சைல எல்லாம் உங்க முன்னாடி இருக்க போறது விண்டோஸ்தான், கை அதுல பழகி இருக்கணும். லினக்ஸ்ல ஆர்கான்னு ஸ்கிரீன் ரீடர் இருக்கு, புரோகிராமிங் பண்றவங்க சந்தோஷமா இருக்காங்க, முதல் கம்ப்யூட்டருக்கு நான் சொல்ல மாட்டேன்.

விண்டோஸுக்கு ஜாஸ்னு இன்னொரு ஸ்கிரீன் ரீடர் இருக்கு, பெரிய சாஃப்ட்வேர், 1989ல டாஸ் காலத்துலயே வந்தது, ஆபீஸ்ல வாங்கி கொடுத்தா சந்தோஷமா வாங்கிக்கோங்க. சொந்த காசுல அதோட பெர்மனென்ட் லைசென்ஸ் வாங்குற பணத்துக்கு ஒரு பழைய லேப்டாப்பே வாங்கிடலாம். என்விடிஏ இலவசம். 2006ல ஆஸ்திரேலியால மைக்கேல் கர்ரன்னு பார்வையில்லாத ஒருத்தர் ஆரம்பிச்சது, அப்புறம் ஜேம்ஸ் டேன்னு பார்வையில்லாத இன்னொருத்தரும் சேந்தார். காசு இல்லங்கறதுக்காக நம்ம ஆளுங்க யாரும் கம்ப்யூட்டர் தொடாம இருக்க கூடாதுன்னு நினைச்சு பண்ணது, அவங்களுக்கு நான் எவ்ளோ நன்றி சொன்னாலும் பத்தாது. மெனு எல்லாம் தமிழ்லயும் வச்சுக்கலாம்.

தமிழ் படிக்கறதுக்கு ரெண்டு குரல் வச்சிருக்கேன். என்விடிஏ கூடவே வர்ற ஈஸ்பீக் மிஷின் மாதிரிதான் பேசும், ஆனா கீயை தட்டுன உடனே பேசும், எவ்ளோ வேகத்துல வச்சாலும் உடையாது, வேலைக்கு அதுதான். கதை கட்டுரை கேக்கணும்னா விண்டோஸ்ல வள்ளுவர்னு ஒரு தமிழ்க்குரல் இருக்கு, அதை இறக்கிக்கோங்க, காதுக்கு இதமா இருக்கும். டைப் பண்ண தமிழ் 99 கீபோர்டு லேஅவுட் விண்டோஸ்லயே இருக்கு. எந்த கம்ப்யூட்டர் வாங்கினாலும் தீராத தொல்லை என்னன்னா வானவில், பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச டாகுமென்ட், பாக்கறவங்களுக்கு அழகான தமிழ், நமக்கு சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கொட்டும். யூனிகோடுக்கு மாத்துற கன்வெர்ட்டர்ல போட்டுதான் படிக்கணும். ஸ்கேன் பண்ண தமிழ் பிடிஎஃப்னா கூகுள் டிரைவ்ல ஏத்தி கூகுள் டாக்ஸா திறங்க, எழுத்தா மாத்தி கொடுத்துடும். ஆபீஸ்ல டைப் பண்றவங்க யாராவது இதை படிச்சா, தயவு செஞ்சு யூனிகோடுல அடிங்க, ஸ்கேன் போட்டு அனுப்பாம அடிச்ச ஃபைலையே அனுப்புங்க.

வாங்கின அன்னைக்கே முடிக்க வேண்டிய வேலை சிலது. பயாஸ்ல (விண்டோஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் ஸ்கிரீன்) எந்த ஸ்கிரீன் ரீடரும் பேசாது, அதனால பார்வை இருக்க ஒருத்தரை பக்கத்துல வச்சு எஃப்என் கன்ட்ரோல் மாத்துறதை முடிச்சுக்கோங்க, யாரும் இல்லன்னா போன்ல பி மை ஐஸ் ஆப் போட்டு வாலன்டியரை கூப்பிட்டு கேமராவை காட்டுங்க. என்விடிஏவை சைன் இன் ஸ்கிரீன்லயே பேசற மாதிரி டிக் பண்ணுங்க. அப்புறம் பிட்லாக்கர், டிஸ்க்ல இருக்கறதை பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. அது ஆன்ல இருந்து என்னைக்காவது ரெகவரி கீ கேட்டுச்சுன்னா, 48 இலக்கம், பேச்சே இல்லாத ஸ்கிரீன்ல. அந்த கீயை முன்கூட்டியே எடுத்து போன்ல ஒரு நோட்டுல சேவ் பண்ணி வைங்க, நம்பிக்கையான ஒருத்தருக்கும் அனுப்பி வைங்க.